ஒரே ஆம்பில் ஆறு ஸ்பீக்கர் போட்டால் தாங்குமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம். ஹாலில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), அதில் 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி ஓடுகிறது. பழைய ஹோம் தியேட்டர் செட்டில் இருந்த 6 ஓம் குட்டி ஸ்பீக்கர் நான்கு சும்மா கிடக்கின்றன, இரண்டை அடுக்களையிலும் இரண்டை சிட்அவுட்டிலும் மாட்டினால் காலையில் வீடு முழுக்கப் பாட்டு கேட்கலாம் என்று வீட்டில் ஆசை. ஆம்பின் பின்பக்கம் ஏ, பி என்று இரண்டு செட் டெர்மினல். கீழே 'ஏ அல்லது பி: குறைந்தது 4 ஓம், ஏ+பி: குறைந்தது 8 ஓம்' என்று போட்டிருக்கிறது. பாலக்காட்டில் கடைக்காரச் சேட்டன் நாலையும் பி-யில் சேர்த்து முறுக்கிவிடு என்கிறார், வேலந்தாவளத்தில் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஆம்ப் போய்விடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மீனாட்சிபுரம்:
எங்கள் வீட்டில் நாலு பாக்ஸும் ஒரே டெர்மினலில்தான் ப்ரோ, ஒன்றும் ஆகவில்லை. சவுண்டைக் கம்மியாக வைத்தால் போதும்.

சால்டரிங் சாமி:
கம்மியாக வைக்கும்வரை சரி, கரண்ட் குறைவாகத்தான் போகும். ஓணத்துக்கு வந்த மச்சான் வால்யூமைத் திருகினால் என்ன செய்வீர்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். லெஃப்ட் சேனலில் 6 ஓம் இரண்டு பேரலல் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) என்றால் 3 ஓம், பி-க்குத் தனியாகவே அது ஆகாது. கூடவே ஏ-யில் ஹால் ஸ்பீக்கரும் ஓடினால் ஆம்புக்குத் தெரிவது சுமார் 2.2 ஓம். ஓம் குறையக் குறைய அதே வால்யூமுக்கு இழுக்கும் கரண்ட் ஏறும், ஹீட் சிங்க் கொதிக்கும், நல்ல ஆம்ப் என்றால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ரிலே கட் ஆகும், இல்லையென்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும்.

அந்த 'ஏ+பி: 8 ஓம்' என்பது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சொன்னது, மொத்தத்துக்கு அல்ல. உள்ளே ஏ-வும் பி-யும் பேரலல், 8-ம் 8-ம் சேர்ந்தால் 4, அதுதான் அவன் தாங்கும் எல்லை. அதனால் அடுக்களை லெஃப்டையும் சிட்அவுட் லெஃப்டையும் சீரிஸாக்கி (ஒன்றன்பின் ஒன்றாக) பி-யில் கொடுங்கள், ரைட்டுக்கும் அப்படியே. 6+6 = 12, ஹாலோடு சேர்த்தால் 4.8. எல்லைக்குள் வந்துவிடும்.

ஆம்பின் பிளஸ் முதல் ஸ்பீக்கர் பிளஸுக்கு, அதன் மைனஸ் அடுத்ததன் பிளஸுக்கு, அங்கிருந்து மைனஸ் ஆம்புக்கு. ஒன்றை மாற்றிக் கொடுத்தால் எதுவும் கெடாது, பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) மட்டும் காணாமல் போகும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அப்படியே செய்கிறேன் அண்ணா. சீரிஸில் சவுண்ட் குறையாதா? சிட்அவுட்டுக்கு 15 மீட்டர் வயர் வேறு போகணும். மீட்டர் வைத்தால் அந்த ஸ்பீக்கர்கள் 5 ஓம்தான் காட்டுகின்றன.

சால்டரிங் சாமி:
குறையும். ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்டேஜ்தான், தனியாகப் போட்டால் கிடைக்கும் பவரில் கால் பங்கு. மிக்ஸி ஓடும்போது கேட்காது, மற்றபடி அடுக்களைக்கு அது தாராளம். ஒரு வயர் விட்டுப்போனால் இரண்டும் நிற்கும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

5 காட்டுவது சரிதான். மீட்டர் பார்ப்பது காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ், அது ஸ்பீக்கரில் போட்டிருக்கும் ஓமைவிட எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். 1 சதுர மி.மீ. செம்பு வயர் 15 மீட்டருக்குப் போக வர அரை ஓம் சுமார், 12 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலை செய்யுங்கள். வயர் நுனியை இறுக்கி முறுக்குங்கள், டெர்மினலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழை பக்கத்து மைனஸைத் தொட்டால் ஓம் கணக்கெல்லாம் வீண்.

கோவிந்தாபுரம்:
இடையில் ஒரு கேள்வி. என்னுடையது டிபிஏ3116 என்ற ஆம்ப் சிப் உள்ள போர்டு போட்ட குட்டி ஆம்ப். லெஃப்ட், ரைட் மைனஸ் இரண்டையும் சேர்த்து மூன்று வயரில் இழுக்கலாமா?

சால்டரிங் சாமி:
கூடவே கூடாது. அது பிரிட்ஜ் அவுட்புட், மைனஸ் என்று போட்டிருக்கும் முனையிலும் சிக்னல் இருக்கிறது, அது கிரவுண்ட் அல்ல. நாலு வயர்தான்.