போர்ச்சுகலில் குடியேறுவது வெயிலுக்காகவா, வரிவிலக்குக்காகவா?

தென்கரையான்:
"வெயிலுக்காகப் போர்ச்சுகல் போகிறார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை, ஓய்வூதியக்காரர்களை அங்கே இழுத்தது வரிவிலக்கு ஒன்றுதான்" என்று கணக்காளர் வேறோர் இழையில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஃபாரோ விமான நிலையம் திறக்கப்பட்டது 1965இல். அந்தக் காலத்திலிருந்தே ஆங்கிலேயர்கள் அந்த நிலையம் இருக்கும் தெற்கு அல்கார்வே கடற்கரையில் வீடு வாங்கி வருகிறார்கள். ஐயா கொண்டாடும் சலுகையோ 2009இல்தான் சட்டமானது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் விலக்கை மோப்பம் பிடித்தா அவர்கள் முன்கூட்டியே வந்து சேர்ந்தார்கள்?

கணக்காளர்:
அன்று வந்தவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். நான் பேசியது குடியேறியவர்களைப் பற்றி. 2009க்குப் பிறகு, புதிதாகக் குடியேறியவர் தம் நாட்டிலிருந்து பெறும் தனியார் ஓய்வூதியத்துக்குப் போர்ச்சுகல் பத்து ஆண்டுகள் வரி கேட்கவில்லை. ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி வாங்கக் கூடாது என்னும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் குறுக்கே நின்றதால் சொந்த நாடும் கேட்க முடியவில்லை. பொறுத்துப் பார்த்த பின்லாந்து 2019இல் அந்த ஒப்பந்தத்திலிருந்தே விலகியது. 2022இல் ஸ்வீடனும் விலகியது. இடையில் 2020இல் போர்ச்சுகலே புதிதாக வருபவர்களுக்கு 10 சதவீத வரி விதித்தது. வெயில் அடிக்கிறது என்பதற்காக ஒரு நாடு ஒப்பந்தத்தை முறித்ததுண்டா? பக்கத்து ஸ்பெயினிலும் அதே வெயில்தானே அடிக்கிறது?

தென்கரையான்:
உங்கள் வாதத்தை நீங்களே வெட்டிக்கொண்டதற்கு நன்றி. போர்ச்சுகலைவிட ஸ்பெயினில்தான் ஆங்கிலேயர்கள் மிகப் பலர் குடியிருக்கிறார்கள். அங்கே இப்படி ஓர் ஓய்வூதிய விலக்கு இருந்ததே இல்லை. பிறகு எதற்காகப் போனார்களாம்?

கணக்காளர்:
தலைப்பு போர்ச்சுகல், ஸ்பெயினுக்குத் தாவ வேண்டாம். வெயில் வெயில் என்று உருகுபவர்கள் சனவரி மாதத்தில் அல்கார்வேயின் தவீரா ஊரில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். நான் இருந்திருக்கிறேன். தரை முழுவதும் ஓடு பதித்த வீடு. சூடேற்றும் குழாய் கிடையாது. கேஸ் சிலிண்டர் செருகிய அடுப்பு ஒன்றை அறைக்கு அறை உருட்டிக்கொண்டு போக வேண்டும். அலமாரிக்குப் பின்னால் சுவரில் கரும்பூஞ்சை. வெளியே வெயில் காய்கிறது, உள்ளே கோட்டு அணிந்துகொண்டு சாப்பிடுகிறோம். இதற்கா பின்லாந்தின் ஹெல்சின்கியை விட்டு வருவார்கள்? அங்கே வீட்டுக்குள் குளிரே தெரியாது.

பார்வையாளன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். குடியேறியவர்கள் என்று இருவரும் யாரைக் குறிப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

கணக்காளர்:
அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வரிவிலக்கு வேலை செய்யவில்லை என்றால் இத்தாலி தன் தெற்குப் பகுதிச் சிற்றூர்களுக்கும், 2020இல் கிரீஸ் தன் நாடு முழுவதற்கும், வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு 7 சதவீதம் என்று ஏன் சட்டம் கொண்டுவந்தன? அந்த இரு நாடுகளிலும் வெயிலுக்கா பஞ்சம்? கிரீஸ் இழையில் இதே கேள்வியைக் கேட்டபோதும் தென்கரையான் பதில் சொல்லாமல் நழுவினார் என்பதை நான் மறக்கவில்லை.

தென்கரையான்:
அந்த இழையில் என்னை "சுற்றுலாக் கையேடு" என்று அழைத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லை. போர்ச்சுகலில் 2020இல் 10 சதவீத வரி வந்த பிறகு கூட்டம் குறைந்ததா? 2023 இறுதியில் அங்கே வாழும் வெளிநாட்டவர் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

மொராரியாவாசி:
அந்தப் பத்து லட்சத்தில் ஒருவனாகச் சொல்கிறேன். முதலிடம் பிரேசில்காரர்களுக்கு. இந்தியா, நேபாளம், வங்கதேசத்திலிருந்து வந்தவர்களும் ஏராளம். போர்ச்சுகலின் தென்மேற்கில் உள்ள ஒதெமிராவின் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ராஸ்பெரி பறிப்பவர்களிடம் வெயிலைப் பற்றிக் கேளுங்கள். ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்டுப் படுத்து எழுபவர்களிடம் ஓய்வூதிய வரியைப் பற்றிக் கேளுங்கள். சுற்றுலா விசாவில் நுழைந்தாலும், வேலையில் சேர்ந்து சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டிவந்தால் குடியிருப்பு உரிமை கோரலாம் என்ற வழி 2024 சூன் வரை திறந்திருந்தது. ஐரோப்பாவில் வேறு எங்கும் எங்களுக்கு இவ்வளவு எளிதாகக் கதவு திறக்கவில்லை, ஆகவே வந்தோம். என் கோப்பு இன்னும் அலுவலகத்தில் உறங்குகிறது என்பது வேறு விஷயம்.

கணக்காளர்:
பார்த்தீர்களா, அவரும் வெயிலுக்காக வரவில்லை.

தென்கரையான்:
வரிக்காகவும் வரவில்லை என்பதைத் தாண்டிப் படித்த உங்கள் கண்ணுக்கு மருத்துவம் தேவை.

மொராரியாவாசி:
நான் எழுதியதை இருவருமே படிக்கவில்லை.

கணக்காளர்:
படித்தேன், ஆனால் வேலைக்கு வருபவர்கள் இங்கே பேசுபொருள் அல்ல. 10 சதவீதம் என்பது ஹெல்சின்கியில் கட்ட வேண்டியதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை; ஆகவே 2020க்குப் பிறகும் அது சலுகைதான். 2024 முதல் புதியவர்களுக்கு அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். பின்லாந்து ஏன் ஒப்பந்தத்தை முறித்தது என்பதற்கு ஒரே ஒரு வரியில் பதில் சொல்லுங்கள். நான் இந்த இழையிலிருந்து போய்விடுகிறேன்.

தென்கரையான்:
நீங்கள் போவதாகச் சொல்வது இது முதல் முறையல்ல. ஸ்பெயினில் ஆங்கிலேயர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பதற்கு முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள்.

கணக்காளர்:
தலைப்பு போர்ச்சுகல்.