மறு: ‘லேக்’ என்பதற்கு ஒரே சொல் போதாது – திணறல், இடறல், பிந்தல், நடை

வணக்கம் நண்பர்களே,

இன்னொரு இயந்திரம் போலவே நம் கணினியை நடக்கவைக்கும் எமுலேட்டருக்குப் ‘போன்மி’ என்று பெயர் வைப்பதில் ஏறக்குறைய எல்லோரும் ஒத்துவந்துவிட்டோம் என்று படுகிறது, அதை நீட்டவில்லை. ‘போலும்’ என்பது ‘போன்ம்’ என்று குறுகுவதை மகரக்குறுக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதோடு உலாவி, திசைவி, இயக்கி ஆகியவற்றில் வரும் இகர ஈறு சேர்ந்தால் போன்மி. ‘பாவனையாக்கி’ போதாதா என்று கேட்ட நண்பருக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எமுலேட்டர் என்ற சொல்லையே 1963-இல் ஐபிஎம்மில், சிஸ்டம்/360 கணினிகளை உருவாக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஆக்கினார்கள். பழைய கணினிக்கு எழுதிய நிரல் புதியதில் ஓட வேண்டும். வெறும் மென்பொருளால் மட்டும் செய்யும் சிமுலேஷனிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது. அவர்களே பிரித்து வைத்ததை நாம் ஏன் சேர்க்க வேண்டும்? பாவனையாக்கி சிமுலேட்டருக்கே இருக்கட்டும்.

என் கவலை இழையின் முதல் கேள்வியைப் பற்றியது. திறன் குறைந்த மடிக்கணினியில் போன்மி ‘லேக் (lag) ஆகிறது’, அந்த லேக்குக்குத் தமிழில் என்ன என்று இழையைத் தொடங்கியவர் கேட்டிருந்தார். தாமதம், சுணக்கம், பின்னடைவு, திக்கல் என்று சொற்கள் வந்தன. கூடவே தீர்வுகளும் வந்தன: ஒருவர் தெளிவுத்திறனைக் குறைக்கச் சொன்னார், ஒருவர் வி-சிங்க்கை (படங்களைத் திரையின் புதுப்பிப்போடு பொருத்தும் அமைப்பை) அணைக்கச் சொன்னார், இன்னொருவர் கொஞ்ச நேரம் விளையாடினால் தானாகச் சரியாகும் என்றார். மூன்றும் சரியான ஆலோசனைதான், ஆனால் மூன்று வெவ்வேறு தொல்லைகளுக்கு. கேட்டவருக்கு இருந்த தொல்லை எது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ‘லேக்’ என்ற சொல் அதைச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் பேசுகிறவர்களும் இதே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள். அதைத் தமிழுக்கு இறக்குமதி செய்ய வேண்டிய தேவை நமக்கு இல்லை.

முதல் தொல்லை, கணினிக்கு வேகமே போதாதது. இதைச் சாதாரணக் கணினி விளையாட்டில் வரும் மந்தத்தோடு சேர்க்கக் கூடாது. அங்கே கணினி தடுமாறினால் காட்டும் படங்கள் குறையும், ஆனால் விளையாட்டின் கடிகாரம் பெரும்பாலும் தன்பாட்டுக்கு ஓடும். போன்மிக்குள் இருப்பதோ இன்னொரு முழு இயந்திரம். அதன் நேரம் அதன் சிபியுவின் (கணக்குகளைச் செய்யும் மையச் சில்லின்) சுற்றுகளை எண்ணித்தான் நகர்கிறது. ஒரு நொடிக்கான சுற்றுகளை முடிக்க நம் மடிக்கணினிக்கு ஒன்றேகால் நொடி பிடித்தால் அந்த உலகமே 80 விழுக்காடு வேகத்தில் நடக்கும். பாத்திரம் மெதுவாக ஓடும், குதித்தவன் மெதுவாகக் கீழே வருவான், இசை இழுபடும் அல்லது கரகரக்கும். நேரமே மெதுவாவதுதான் இதன் அடையாளம்.

இதற்குத் ‘திணறல்’ என்பதையே நான் முன்மொழிகிறேன். ‘சிஸ்டம் திணறுது’ என்று தினமும் சொல்கிறோம்.

> திணறல் பேச்சுவழக்கு அல்லவா? கலைச்சொல்லுக்குக் கொஞ்சம் எடை வேண்டாமா?

மூச்சுத்திணறல் என்று மருத்துவர்களே எழுதுகிறார்கள், ஐயா. தேவைப்படும் காற்றுக்கும் கிடைக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளிதான் அங்கே திணறல். இங்கே தேவைப்படும் சுற்றுகளுக்கும் கிடைக்கும் சுற்றுகளுக்கும் உள்ள இடைவெளி. பொருள் இவ்வளவு பொருந்தும்போது எடையை வேறெங்கும் தேட வேண்டாம்.

சரி, திணறல் எவ்வளவு எளிதில் வரும் என்பதையும் பார்த்துவிடலாம். பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுப் பெட்டியின் முதன்மைச் சிபியு ஏறத்தாழ 295 மெகாஹெர்ட்ஸ். செலரான் என்4020 போன்ற எளிய மடிக்கணினிச் சில்லு உச்சத்தில் 2.8 கிகாஹெர்ட்ஸ் காட்டும், கிட்டத்தட்ட பத்து மடங்கு. தாராளம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பெட்டியின் ஒவ்வோர் ஆணையும் இங்கே பல ஆணைகளாக விரியும். சிபியுவோடு இரண்டு வெக்டர் அலகுகள் (முப்பரிமாணக் கணக்குகளுக்கான துணைப் பகுதிகள்), வரைகலை, ஒலி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று நேரம் தவறாமல் ஓட்ட வேண்டும். தவிர அந்த 2.8 ஒரு பாய்ச்சல்தான். சில்லின் அடிப்படை வேகம் 1.1, வெப்ப வரம்பு 6 வாட். விசிறி இல்லாத உடலில் முதல் சில நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, சூடேறியதும் திணறத் தொடங்கினால் குற்றவாளி வெப்பம். அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருப்பதால் பயன் குறைவு. மின்னிணைப்பில் வைத்து, அடிப்பக்கம் காற்றோட்டமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பழைய பெட்டி என்றால் திணறாது என்றும் இல்லை. சூப்பர் நின்டென்டோவின் சிபியு உச்சத்தில் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான். எஸ்நெஸ்9எக்ஸ் என்ற போன்மி அதை மிக எளிய கணினியிலும் ஓட்டிவிடும். ஒவ்வொரு சுற்றையும் துல்லியமாகப் போன்மிக்க முயலும் பிஎஸ்நெஸ் என்ற போன்மி அதே விளையாட்டுக்குப் பல மடங்கு வலுவைக் கேட்கும். துல்லியத்துக்கு விலை உண்டு, அதைத் திறன் குறைந்த கணினி கட்ட முடியாது. (‘போன்மித்தல்’ என்று வினையாகவும் வளைகிறது, கவனித்தீர்களா? எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.)

திணறலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பிளேஸ்டேஷன் 2-க்கான போன்மியான பிசிஎஸ்எக்ஸ்2-இல் திரைமேல் தகவலைக் காட்டச் சொன்னால் ஈஈ (முதன்மைச் சிபியு), ஜிஎஸ் (வரைகலை) என்று தனித்தனி விழுக்காடுகள் தெரியும். ஈஈ நூறை ஒட்டி நின்றால் சிபியு திணறுகிறது. தெளிவுத்திறனைக் குறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஈஈ சும்மா இருந்து வரைகலை முட்டி நின்றால் அப்போதுதான் தெளிவுத்திறனை 2 மடங்கிலிருந்து 1 மடங்காக்க வேண்டும். 2 மடங்கு என்பது படப்புள்ளிக் கணக்கில் 4 மடங்கு, நினைவில் வையுங்கள். அதனால் சிபியுத் திணறல், வரைகலைத் திணறல் என்று அடைமொழி சேர்த்துச் சொல்வது நல்லது. சிபியுவுக்குச் ‘செயலி’ என்று நான் எழுதாததும் வேண்டுமென்றேதான்: ஆப் என்பதும் செயலி, பிராசசரும் செயலி என்றால் ‘செயலி திணறுகிறது’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் வந்துவிடும்.

இரண்டாவது தொல்லை முற்றிலும் வேறு. வேகம் 100 விழுக்காட்டில் நிற்கிறது, எல்லாம் நன்றாக ஓடுகிறது, திடீரென ஒரு கணம் உறைந்து மீண்டும் ஓடுகிறது. புதிய எதிரி வந்தால், புதிய தீப்பொறி பறந்தால் ஒரு வெட்டு. கேம்கியூப் விளையாட்டுகளில் இது அதிகம். அந்தப் பெட்டியின் வரைகலை அமைப்பு ஒவ்வொன்றுக்கும் டால்ஃபின் என்ற போன்மி ஒரு ஷேடரை (வரைகலைச் சில்லுக்கான சிறு நிரலை) எழுதி, அதை நம் வரைகலைச் சில்லுக்கு ஏற்றபடி பெயர்த்தாக வேண்டும். பெயர்த்து முடியும்வரை படம் நிற்கும். ஒரு சட்டகத்துக்கு (நொடிக்கு 60 காட்டும் படங்களில் ஒன்றுக்கு) கிடைப்பது 16.7 மில்லிநொடிதான், பெயர்ப்பு அதைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை பெயர்த்தது சேமிப்பில் இருப்பதால் அடுத்த முறை அதே இடத்தில் தொல்லை இராது. ‘விளையாட விளையாடச் சரியாகும்’ என்று நண்பர் சொன்னது இதற்குத்தான். 2017-இல் டால்ஃபினில் வந்த உபர்ஷேடர் (எல்லா அமைப்புக்கும் ஈடுகொடுக்கும் ஒரே பெரிய ஷேடர்) இதற்கான தீர்வே, ஆனால் அதை இழுக்க வலுவான வரைகலைச் சில்லு வேண்டும். எளிய மடிக்கணினியில் அதை முழுநேரமும் போட்டால் இந்தத் தொல்லை போய் முதல் தொல்லை வந்து உட்காரும். பெயர்ப்பு முடியும்வரை அந்தப் பொருளை வரையாமல் விடும் தெரிவு நம் மாதிரிக் கணினிகளுக்கு நடைமுறையில் உதவும். ஓரிரு கணம் ஏதாவது ஒரு பொருள் காணாமல் இருக்கும், அவ்வளவே.

இதற்குத்தான் ‘திக்கல்’ வந்தது. ஒலி நன்றாக இருக்கிறது, ஆங்கிலச் சொல்லுக்கும் நேர். ஆனால் திக்கிப் பேசுகிறவர்களும் இந்த மென்பொருளைப் பயன்படுத்துவார்கள். ஒரு கோளாற்றின் பெயராக அது திரைக்குத் திரை வருவதை நான் விரும்பவில்லை. ‘இடறல்’ என்று வைப்போமா? நன்றாக நடந்துகொண்டிருப்பவர்தான் இடறுவார், இடறியபின் மீண்டும் நடப்பார். தொல்லையின் வடிவமும் அதுவே. ஷேடர் இடறல், வட்டு இடறல் என்று காரணத்தையும் முன்னால் ஒட்டலாம். 4 ஜிபி நினைவகத்தில் உலாவியையும் திறந்து வைத்தால் வருவது நினைவக இடறல்.

மூன்றாவது, பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி. படம் சீராகத்தான் ஓடுகிறது, கைக்குத்தான் ஒட்டவில்லை.

> இதற்குத் தாமதம் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

தாமதம் நல்ல சொல், ஆனால் எல்லா இடத்திலும் புழங்கி அகலமாகிவிட்டது. கோப்பு இறங்கத் தாமதம், தொடங்கத் தாமதம். சுணக்கமும் ‘பணிகளில் சுணக்கம்’ என்று வேலை மெதுவாக நடப்பதையே குறிக்கிறது, அது திணறல் பக்கம் சாய்கிறது. ‘பிந்தல்’ என்றால் ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வந்து சேர்வது மட்டும்தான் பொருள். இன்னொரு வசதியும் உண்டு. பல போன்மிகளை ஓரிடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க்கில் 2018-இல் ரன்-அஹெட் என்று ஒன்று வந்தது: போன்மி சில சட்டகங்களைத் திரைக்குப் பின்னாலேயே முன்கூட்டி ஓட்டிப் பார்த்து, விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பிந்தலைக் குறைக்கும். அதற்கு ‘முந்தோட்டம்’ என்று பெயரிட்டால், பிந்தலுக்கு முந்தோட்டம் என்று இரண்டும் ஒன்றையொன்று விளக்கிக்கொள்கின்றன. போன்மியைத் தமிழில் மொழிபெயர்ப்பவர்களுக்கு எச்சரிக்கை வாக்கியம் ஒன்றும் வேண்டும்: ஒரு சட்டக முந்தோட்டத்துக்கே கணிக்கும் வேலை ஏறக்குறைய இரட்டிக்கும், திறன் குறைந்த கணினியில் பிந்தல் போய்த் திணறல் வரலாம்.

(சட்டகம் என்றே எழுதுகிறேன். ‘சட்ட வீதம்’ என்று எழுதினால் வழக்குமன்ற நினைவு வருகிறது.)

கடைசியாக, யாரும் இன்னும் பெயர் சொல்லாத ஒன்று. வேகம் போதும், இடறல் இல்லை, பிந்தலும் இல்லை. இருந்தும் நீளவாக்கில் நகரும் பின்னணி ஒழுங்காக ஓடாமல் சிறிதாக நொண்டுகிறது. கேம்பாய் நொடிக்கு 59.73 சட்டகம் தரும், நம் திரை 60 காட்டும். ஏறத்தாழ 3.7 நொடிக்கு ஒருமுறை ஒரு சட்டகம் இரண்டு தடவை தெரியும். 50 சட்டகத்துக்கு எழுதிய, ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) பதிப்பு என்றால் கேட்கவே வேண்டாம், ஐந்துக்கு ஒன்று இரட்டிக்கும், நொடிக்குப் பத்து முறை. சராசரி எண்ணிக்கையைக் காட்டும் மானியில் இது தெரியவே தெரியாது. எண்ணிக்கைக்குச் சட்டக வீதம் என்று பெயர் இருக்கிறது. இடைவெளியின் ஒழுங்குக்குப் பெயர் இல்லை.

‘சட்டக நடை’ என்கிறேன். தாளத்தில் திஸ்ர நடை, சதுஸ்ர நடை என்கிறோமே, ஒரு அட்சரத்துக்குள் தட்டுகள் எப்படிப் பகிர்ந்து விழுகின்றன என்பதற்கு, அந்த நடை. எழுத்து நடையோடு குழம்பும் என்று சிலர் சொல்லக்கூடும். முன்னால் சட்டகம் இருக்கும்போது குழம்பாது. நடை ஒழுங்காக இருந்தால் சீர்நடை, தவறினால் நடைபிசகு. தீர்வையும் இந்தச் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன்: போன்மியைத் திரையின் நடைக்குக் கட்டிவிட்டு, ஒலியின் வீதத்தைக் காதுக்குத் தெரியாத அளவு கூட்டிக் குறைத்தால் நடைபிசகு போய்விடும். ரெட்ரோஆர்க் செய்வது இதைத்தான். பழைய நின்டென்டோவின் நொடிக்கு 60.0988 சட்டகத்தைத் திரையின் 60-க்குக் கட்டும்போது ஒலி மாறுவது கால் விழுக்காட்டுக்கும் குறைவு.

இனி, உதவி கேட்கும் மடல் ஒன்றை இந்தச் சொற்களால் எழுதினால் எப்படி இருக்கும்?

“இரட்டைக் கரு மடிக்கணினி, டால்ஃபின், 1 மடங்குத் தெளிவு. வேகம் 100-இல் நிற்கிறது, திணறல் இல்லை. புது இடத்துக்குள் நுழையும்போது இடறுகிறது, இரண்டாம் முறை அதே இடத்தில் இடறுவதில்லை. பிந்தல் இல்லை.”

இதைப் படித்தவர் மறுகேள்வி கேட்காமல் ஷேடர் அமைப்பைத் தொடச் சொல்வார்.

இந்த நான்கில் ‘பிந்தல்’ மீதுதான் எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன், வந்தால் பேசுவோம். டைனரெக்குக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் கிடைக்கவில்லை. பெட்டியின் ஆணைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்யாமல், ஓடும்போதே துண்டு துண்டாக நம் சிபியுவின் மொழிக்குப் பெயர்த்து வைத்துக்கொள்ளும் பகுதி அது. எளிய கணினியில் அது அணைந்திருந்தால் வேறெந்த அமைப்பாலும் திணறலைத் தீர்க்க முடியாது, ஆகவே பட்டியலில் தெளிவாகத் தெரிய வேண்டிய பெயர். ‘ஓட்டப்பெயர்ப்பி’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவில்லை. யாரிடமாவது வேறு சொல் இருந்தால் இதே இழையில் இடுங்கள்.