அரசுக் கல்லூரிக்கு வருஷம் 6,000 ரூபாய்: கொடுத்து என்ன ஆகப்போகிறது?

செங்கல்சூளை:
அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்களிடம் முன்னாள் மாணவர் சங்கம் வருஷா வருஷம் பணம் கேட்கிறது. சம்பளம் அரசாங்கம்தானே கொடுக்கிறது, நம் 6,000 எந்த மூலைக்கு? சேர்த்து வைத்து வெள்ளிவிழாவில் பெரிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதாதா? 80ஜி (நன்கொடைக்கான வருமானவரிக் கழிவு) கிடைக்குமா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டிக்கணக்கு:
வைப்புநிதி போட்டு வட்டியில் உதவித்தொகை தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 6.5 சதவீத வட்டிக்கு, வருஷம் 6,000 வர ஏறக்குறைய 92,300 ரூபாய் முதல் வேண்டும். 200 பேர் ஆளுக்கு 6,000 கொடுத்தால் 12 லட்சம், அது 1.85 கோடி வைப்புநிதியின் வட்டிக்குச் சமம். அந்த 1.85 கோடியைத் திரட்ட எத்தனை வெள்ளிவிழா வேண்டும்?

இன்னொன்று, வட்டியை முழுக்கச் செலவழித்தால் முதல் நின்ற இடத்திலேயே நிற்கும். விலைவாசி 5 சதவீதம் ஏறினால் 14 வருஷத்தில் அதன் மதிப்பு பாதி. ஈடுகட்ட வட்டியின் பெரும்பகுதியை முதலோடு சேர்த்தால், மாணவருக்குக் கொடுக்க மிஞ்சுவது சொற்பம்.

ஆய்வகம்3:
அரசுப் பணம் பெரும்பாலும் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடும். முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்துக்குத்தான். மெஸ் பில் அதில் வராது. செமஸ்டர் நடுவில் மெஸ் பாக்கி ஏறும்போது தேவைப்படுவது 8,000, 10,000 மாதிரித் தொகைதான், ஆனால் அந்த வாரமே வேண்டும். முதலாமாண்டு மாணவருக்கு உதவுவதாகச் சொன்னால் நாலு வருஷம் தொடர வேண்டும். அடுத்த வருஷமும் பணம் வரும் என்று தெரிந்தால்தான் சங்கம் அந்த வாக்கைக் கொடுக்க முடியும்.

வெள்ளிவிழாப் பணம் பெரும்பாலும் கருவியாகத்தான் வந்து இறங்கும். ரிப்பன் வெட்டும் படம் அழகாக இருக்கும். வாரண்டி முடிந்தபின் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) கட்ட ஆளில்லை, யுபிஎஸ் பேட்டரி போகும், கருவிமேல் துணி போர்த்துவார்கள். கருவிதான் என்று அடம்பிடித்தால், ஐந்து வருஷப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

படிவம்16:
80ஜி பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான். புதிய முறையில் கிடையாது. இத்தகைய சங்கங்களுக்குப் பொதுவாக 50 சதவீதக் கழிவு, அதுவும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்புக்குள். 6,000 கொடுத்தால் கழிவு 3,000. 30 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் செஸ் சேர்த்து 936 ரூபாய். வரிக்காகக் கொடுக்கிற பணம் இல்லை இது.

ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் கழிவே இல்லை. பான் எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் சங்கம் 10பிடி (நன்கொடையாளர் பட்டியல் படிவம்) தாக்கல் செய்து உங்களுக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்று தர வேண்டும். கையில் ரசீது இருந்தாலும் 10பிடி-யில் உங்கள் பெயர் இல்லையென்றால் கழிவு நிற்காது. (2025-இன் புதிய வருமானவரிச் சட்டத்தில் இந்தப் பிரிவு எண்கள் மாறுகின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.)

கடல்தாண்டி:
வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. ஓசிஐ அட்டைக்காரர் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அனுப்பினால் ஆகும். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள சங்கம் அதை டெல்லி ஸ்டேட் வங்கி மெயின் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். உள்ளூர்க் கணக்கில் போட்டுவிட்டால் மாட்டிக்கொள்வது சங்கம்தான்.

செங்கல்சூளை:
வருஷா வருஷமே கொடுக்கலாம் போலிருக்கிறது. கல்லூரிக் கணக்கா, சங்கக் கணக்கா?

ஆய்வகம்3:
கல்லூரிக் கணக்கில் டெண்டர், தணிக்கை எல்லாம் உண்டு. பாதுகாப்பு அதிகம், வேகம் குறைவு. மெஸ் பில் மாதிரி அவசரத்துக்குச் சங்கம்தான் சரி, போன வருஷத் தணிக்கை அறிக்கையைக் காட்டினால். காட்ட மறுத்தால் கல்லூரிக் கணக்கிலேயே போடுங்கள். நோக்கம் கேட்டால் ‘மாணவர் நலன்’ என்று மட்டும் எழுதுங்கள். ‘இன்ன ஊர், இன்ன துறை, 85 சதவீத மார்க்’ என்று நிபந்தனை அடுக்கினால் தகுதியான ஆள் கிடைக்காமல் பணம் கணக்கிலேயே கிடக்கும்.

வட்டிக்கணக்கு:
யுபிஐ ஆட்டோபே போட்டுவிடுங்கள். 15,000 வரை ஒவ்வொரு முறையும் பின் எண் போட வேண்டாம், 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வரும். வேலை மாறி சம்பளக் கணக்கை மூடினால் ஆட்டோபேயும் சத்தமில்லாமல் செத்துவிடும். புதுக் கணக்கில் மறுபடி போட மறக்காதீர்கள்.