ரெசிப்ராசிட்டி: தமிழ்ச்சொல் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள

எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோவில சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு கனடா வரலாற்றுப் பாடம் ஒண்டு எழுதுறன், வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குக் குடுக்கோணும். 1911இல கனடாப் பிரதமர் லோரியேயின்ர அரசாங்கம் அமெரிக்காவோட பேசின ஒப்பந்தம், நீ என்ர கோதுமைக்கு வரியை நீக்கு, நான் உன்ர பழத்துக்கு நீக்கிறன் எண்டது, அதுக்குப் பேர்தான் ரெசிப்ராசிட்டி. எதிர்க்கட்சி கொன்சர்வேற்றிவ் ஆக்கள் பாராளுமன்றத்தில பேசிப் பேசியே மாசக்கணக்கா இழுத்தடிச்சவை, விவாதத்தை வெட்டி முடிக்கிற விதி 1913இலதான் வந்தது. கடைசியா லோரியே சபையைக் கலைச்சு செப்டம்பர் 21 தேர்தலில தோத்தும் போனார். வெறுமனே "ஒப்பந்தம்" எண்டு எழுதினா சண்டை என்னத்துக்கெண்டு பிள்ளையளுக்கு விளங்காது. கைம்மாறு எண்டு போடலாமோ?

----

> கைம்மாறு எண்டு போடலாமோ?

வேண்டாம்க்கா. "கைம்மாறு வேண்டா கடப்பாடு"ன்னு வள்ளுவர் மழையை வச்சுச் சொன்னது. ஒருத்தன் முதல்ல செஞ்சாச்சு, மத்தவன் அப்புறமா திருப்புறான், அதான் கைம்மாறு. இங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குறைக்கணும். கொள்கொடைன்னு வைங்க. பட்டினப்பாலை வணிகர் "கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது" வாழ்ந்தவங்க, எங்க பக்கம் பொண்ணெடுத்த வீட்டுக்கே பொண்ணு குடுத்தா கொள்வினை கொடுப்பினைம்போம், அதே கணக்கு. சுங்கம்னும் எழுதாதீங்க, உல்குன்னு நல்ல தமிழ்ச்சொல் இருக்கு.

----

ஐயா, உல்கும் சுங்கமும் சுல்கங்கற ஒரே வடசொல்லுலேர்ந்து வந்ததுன்னுதான் நான் படிச்சேன். குலோத்துங்கனையே சுங்கம் தவிர்த்த சோழன்னுதானே சொல்றோம். பரஸ்பர வரிச்சலுகைன்னு போட்டா போதும், 2025 ஏப்ரல்ல டிரம்ப் வரி போட்டப்ப பேப்பர்ல எல்லாம் பரஸ்பர வரின்னுதான் வந்துச்சு, ஜனங்களுக்குப் புரிஞ்சுது.

----

அங்கதாங்க சிக்கலே. 2025ல அந்தச் சொல்லு நீ ஏத்தினா நானும் ஏத்துவேன்னு, 1911ல நீ இறக்கினா நானும் இறக்குவேன்னு. பரஸ்பரம்னா எந்தப் பக்கம்னு பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்? சலுகையும் ஆகாது, அது பெரியவன் சின்னவனுக்குக் குடுக்கறது. பெரியவன் அமெரிக்கா நம்மள முழுங்கிடுவான்னுதான் கனடாக்காரங்க பயந்ததே, அமெரிக்கச் சபையில சாம்ப் கிளார்க் எழுந்து வடதுருவம் வரைக்கும் நம்ம கொடி பறக்கணும்னு பேசினாரே, அந்தப் பேச்சு லோரியேவுக்கு எவ்வளவு கெடுதல் பண்ணிச்சு. இருவழி வரிக்குறைப்புன்னு நேரா எழுதுங்க.

----

நாலு பேர் ஓமெண்டிட்டினம், நேரமும் இல்லை. இருவழி வரிக்குறைப்பு எண்டே போடுறன், முதல் வாற இடத்தில பக்கத்தில ரெசிப்ராசிட்டி எண்டும் எழுதிவிடுறன். எல்லாருக்கும் நன்றி.

----

அக்கா, பாடம் அச்சுக்குப் போகட்டும், ஆனா நான் ஒத்துக்கல. அது விளக்கம், பேர் இல்ல. ரெசிப்ராசிட்டிங்கற ஒரே சொல்லை வச்சுத்தான் ஊர் ஊரா ஓட்டு கேட்டாங்க, மேடையில நின்னு இருவழி வரிக்குறைப்புன்னு கத்திப் பாருங்க, மூச்சு வாங்கும். கொள்கொடைன்னா கத்தலாம். அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதறேன்.