டெராஹெர்ட்ஸ் நெஜமாவே போனுக்கு வருமா, இல்ல சும்மா பில்டப்பா?

மூணாம்வருஷ_ஈசிஇ:
காலேஜ் மினி ப்ராஜெக்ட்டுக்கு 6ஜி டெராஹெர்ட்ஸ்னு (5ஜிக்கு அடுத்த மொபைல் தலைமுறைக்கு, சுமார் 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேல இருக்கற ரேடியோ அலை) கெத்தா தலைப்பு குடுத்துட்டு இப்ப முழிச்சிட்டு இருக்கேன். 300 கிகாஹெர்ட்ஸ்ல 100 மீட்டருக்கு பாத் லாஸ் (வழியில சிக்னல் எவ்ளோ குறையுதுன்னு) போட்டா 122 டிபி (டெசிபல், 10 கூடுனா 10 மடங்கு) வருது, அதே தூரம் 3 கிகாஹெர்ட்ஸ்ல 82தான். பத்தாயிரம் மடங்கு அவுட்! இதுல சென்னை மழை வேற. அப்புறம் எதுக்கு எல்லாரும் இத தூக்கி வச்சு ஆடுறாங்க? தேடுனா பாதி பேப்பர் சாட்டிலைட் பத்தி வருது, அது வேற புரியல

ஆன்டெனா_கிறுக்கன்:
தம்பி கணக்கு சரி, ஆனா ஆன்டெனாவ விட்டுட்ட. ரெண்டு பக்கமும் அதே சைஸ் டிஷ் வச்சா ஒவ்வொண்ணுலயும் 40 டிபி கெயின் (சிக்னல ஒரே பக்கம் குவிக்கற பலம்) கூடும், லாஸ கழிச்சாலும் 40 டிபி லாபந்தான். சிக்கல் எங்கன்னா, 30 செ.மீ. டிஷ்ஷுக்கே பீம் கால் டிகிரிக்குள்ள ஒடுங்கிடும், காத்துல கம்பம் ஆடுனா லிங்க் காலி. டிரான்ஸ்மிட்டர் பவரும் பெரும்பாலும் மில்லிவாட் கணக்குதான். அதனாலதான் 2017ல வந்த 802.15.3டிங்கற வயர்லெஸ் ஸ்டாண்டர்ட், 252லேந்து 325 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும், எல்லாம் பாயின்ட் டு பாயின்ட் (குறிப்பிட்ட ரெண்டு முனைக்கு நடுவுல மட்டும்): டேட்டா சென்டர் ரேக், டவர் பேக்ஹால் (டவர மெயின் நெட்வொர்க்கோட இணைக்கறது) இப்படி. ரோட்ல நடக்குறவன் போனுக்கு டவர்லேந்து குடுக்கற கதையே அதுல இல்ல. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்லயே ஜப்பான்காரங்க 120 கிகாஹெர்ட்ஸ் லிங்க்ல எச்டி வீடியோவ சுருக்காம அனுப்பிட்டாங்க, அதுவும் டிஷ்ஷுக்கு டிஷ்தான்.

அப்புறம் மழைய ரொம்ப திட்டாத, 100 கிகாஹெர்ட்ஸ் தாண்டுனா மழை லாஸ் பெருசா ஏறாது. நெஜ வில்லன் நீராவி. 183, 325, 380, 557 கிகாஹெர்ட்ஸ்னு அங்கங்க சிக்னல முழுங்கும் (இத லைன்னு சொல்லுவாங்க), நடுவுல முழுங்காத ஜன்னல்லதான் பொழப்பு

மேகம்_பாக்குறவன்:
வில்லனா?? சாட்டிலைட்லேந்து காத்து ஈரம் அளக்கற எங்களுக்கு அதான் சோறு போடுது அண்ணே 😀 2011ல ஸ்ரீஹரிகோட்டாலேந்து போன மேகா டிராபிக்ஸ் சாட்டிலைட்ல சஃபிர்னு ஒரு கருவி இருந்துச்சு, 183 கிகாஹெர்ட்ஸ சுத்தி 6 சேனல். நட்ட நடுவுல இருக்கற சேனலுக்கு காத்து சுவர் மாதிரி, மேல் அடுக்கு ஈரம் மட்டும் தெரியும், நடுவுலேந்து தள்ளித் தள்ளிப் போனா கீழ கீழ தெரியும். இப்படியே உயரவாரியா ஈரப்பதம் எடுத்துடலாம். நாசாவோட ஆரா சாட்டிலைட் 2.5 டெராஹெர்ட்ஸ் வரைக்கும் போயி காத்துல இருக்கற ஹைட்ராக்சில்ங்கற மூலக்கூற அளந்துச்சு. நாங்க எதையும் அனுப்பறதில்ல, காத்து தானா விடற சன்னமான ரேடியோ சத்தத்த கேக்கறோம், பக்கத்துல எவனாவது 6ஜின்னு கத்துனா முடிஞ்சுது. 2019 உலக ரேடியோ மாநாட்டுல 275லேந்து 450 வரைக்கும் கம்யூனிகேஷனுக்கு மொத்தமா தூக்கிக் குடுக்காம துண்டு துண்டா 137 கிகாஹெர்ட்ஸ் குடுத்தது ஏன்னு இப்ப புரியுதா, நடுவுல விட்ட 296-306, 313-318 எல்லாம் எங்க ஏரியா

லேசர்_கட்சி:
சாட்டிலைட் டு சாட்டிலைட்னா நீராவியே கிடையாது, டெராஹெர்ட்ஸ் நல்லாதான் இருக்கும். ஆனா ஸ்டார்லிங்க் ஏற்கனவே லேசர்ல ஓட்டுது, லேட்டா வந்துட்டீங்க

ஆன்டெனா_கிறுக்கன்:
லேசர் பீம் இதவிட ரொம்ப ஒல்லி, குறி பாக்கற மெக்கானிசத்துக்கே எடை போயிடும். குட்டி சாட்டிலைட்டுக்கு கால் டிகிரி பீம் வரப்பிரசாதம். பவர் மட்டும் வரட்டும், பாப்போம்

மூணாம்வருஷ_ஈசிஇ:
ரெண்டு பேருக்கும் நன்றிண்ணா. போன விட்டுட்டு, ஒரே நீராவி லைன் லிங்குக்கு எப்படி, சென்சாருக்கு எப்படின்னு தலைப்ப மாத்திக்கறேன். கைடு ஒத்துக்கணும்

மேகம்_பாக்குறவன்:
கிராஃப்ல 183 உச்சிய பெருசா போட்டு எடுத்துட்டுப் போ, ஒத்துக்குவாரு