சர்ரேயின் 12 கவுன்சில்கள் இரண்டாகக் குறைவது குடிமக்களுக்கு நல்லதா?

நெய்தல்:

இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருக்கும் சர்ரே கவுண்டியின் (பல மாவட்டங்கள் அடங்கிய பெரிய நிர்வாகப் பகுதி) கவுன்சிலையும் அதன் எல்லைக்குள் இருக்கும் 11 மாவட்ட, பரோ (மாவட்டத்துக்கு இணையானது) கவுன்சில்களையும் கலைத்து, கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்னும் இரண்டு ஒற்றையடுக்கு (எல்லா உள்ளாட்சிப் பொறுப்புகளையும் தாமே ஏற்கும்) கவுன்சில்களை 2027 ஏப்ரல் 1 முதல் நிறுவுவதென்று அரசு 2025 அக்டோபரில் முடிவு செய்தது. இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

இன்றைய ஏற்பாட்டில் வீட்டுக் குப்பையை அள்ளுவது மாவட்ட கவுன்சில், அள்ளிய குப்பையை அழிப்பது கவுண்டி. வீடு கட்ட அனுமதி தருவது மாவட்டம், அந்த வீடுகளில் குடியேறும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் தேடித் தர வேண்டியது கவுண்டி. இவற்றைவிட என்னை வருத்துவது முதியோர், மாற்றுத்திறனாளிகள் நிலை. நடக்க இயலாத ஒருவருக்குக் குளியலறையை மாற்றி அமைக்க வேண்டுமானால், தேவையை மதிப்பிடும் சிகிச்சையாளர் கவுண்டியின் சமூகப் பராமரிப்புத் துறையிலிருந்து வருவார். அதற்கான மானியத்தைத் தருவது மாவட்டத்தின் வீட்டு வசதித் துறை. ஒரே வீட்டுக்காக இரண்டு நிர்வாகங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருக்க, அந்த முதியவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். பொறுப்பு ஓரிடத்தில் இருந்தால்தான் தவறுக்கு யாரைக் கேட்பது என்பதாவது நமக்குத் தெரியும்.

மருதன்:

நெய்தல் அவர்கள் சொல்லும் இரட்டைப் பொறுப்பின் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தீர்க்க ஒற்றையடுக்கு போதும். ஐந்து லட்சம் பேருக்கு ஒரு கவுன்சில் என்ற அளவு எதற்கு? 2024 டிசம்பரில் வந்த அரசின் கொள்கை வெள்ளை அறிக்கைதான் அந்த அளவை முன்வைத்தது. 1969-இல் உள்ளாட்சியை ஆராய்ந்த ரெட்கிளிஃப்-மாட் ஆணையம் இதே ஒற்றையடுக்கு முறையைப் பரிந்துரைத்தபோது குறைந்தபட்சம் இரண்டரை லட்சம் போதும் என்றது. 1997-இல் தனி நிர்வாகத்தை மீட்டுக்கொண்ட ரட்லண்ட் என்னும் சிறிய கவுண்டி, சுமார் 41,000 மக்களை வைத்துக்கொண்டு பள்ளிக் கல்வியையும் சமூகப் பராமரிப்பையும் இன்றும் நடத்துகிறது. மறுபுறம், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட ஒற்றையடுக்கு நிர்வாகமான பர்மிங்ஹாம், 2023 செப்டம்பரில் வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் கீழ் அறிவித்தது. பெரிய கவுன்சில் என்பதாலேயே நிதி உறுதிப்பட்டுவிடாது.

சர்ரேயின் 12 கவுன்சில்களில் ஒன்பது, மூன்று கவுன்சில்களாகப் பிரிக்கும்படி கேட்டன. கவுண்டியும், எல்ம்பிரிட்ஜ், மோல் வேலி ஆகிய இரண்டு மாவட்டங்களும் மட்டுமே இரண்டு போதும் என்றன. அரசு அந்தச் சிறுபான்மையின் பக்கம் நின்றது. இப்போது கவுண்டியிலும் மாவட்டங்களிலுமாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். புதிய இரண்டு மன்றங்களிலும் சேர்த்து 162 பேர்தான் இருப்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று நாம் தேடிப் போகும் மனிதர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை இழந்துவிட்டு, எளிமை கிடைத்தது என்று எப்படி மகிழ்வது?

நெய்தல்:

தெருவிளக்கு கவுண்டியின் பொறுப்பு, மருதன். அதற்காக மாவட்ட உறுப்பினரைத் தேடிப் போகிறவருக்கு, அது தன் அதிகாரத்தில் இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். உறுப்பினர் எண்ணிக்கை குறைவது இழப்புதான். ஆனால் இன்று இருப்பவர்களில் பாதிப் பேருக்கு நம் குறையைத் தீர்க்கும் அதிகாரமே இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சர்ரேயில் ஒரு லட்சத்துக்குச் சற்றே கூடுதலான மக்களைக் கொண்ட வோக்கிங் பரோ, வானளாவிய கட்டடங்களிலும் வணிகச் சொத்துகளிலும் முதலிட்டு, ஏறத்தாழ 200 கோடி பவுண்டு கடனில் மூழ்கி 2023 ஜூனில் 114ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. அத்தகைய முடிவுகளைத் தட்டிக் கேட்கும் நிதி வல்லுநர்களைச் சிறிய கவுன்சில்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதே என் கருத்து.

ஆதிரை:

நான் இங்கிலாந்தின் வடக்கே வடக்கு யார்க்‌ஷயர் கவுண்டியில் வசிப்பவள். நீங்கள் இருவரும் எதிர்காலமாகப் பேசுவது எங்களுக்கு 2023 ஏப்ரலிலேயே நடந்துவிட்டது. ஒரு கவுண்டியும் ஏழு மாவட்டங்களும் ஒன்றாயின. கிழக்கே கடலோர ஸ்கார்பரோவிலிருந்து மேற்கே பென்னைன் மலைச்சரிவில் இருக்கும் ஸ்கிப்டன் வரை, ஏறத்தாழ 8,000 சதுர கிலோமீட்டருக்கு 90 உறுப்பினர்கள். நிர்வாகம் ஒன்றானதில் பயன் உண்டு. ஆனால் ஹாரோகேட், ஸ்கார்பரோ போன்ற பெரிய ஊர்கள் தமக்கென்று ஒரு மன்றமும் இல்லாமல் நின்றன. 2025 மே மாதத்தில்தான் அவ்விரண்டு ஊர்களுக்கும் நகர மன்றத் தேர்தல் நடந்தது. எனவே உங்கள் ஊருக்கு நகர மன்றமோ பாரிஷ் (சிற்றூர்) மன்றமோ உண்டா என்பதை இப்போதே கேளுங்கள், இணைப்பு முடிந்த பிறகு கேட்காதீர்கள்.

மருதன்:

ஆதிரை அவர்களின் அறிவுரைக்கு நன்றி. சர்ரேயில் இருக்கும் எப்சம்–யூவல் பரோவில் பாரிஷ் மன்றம் ஒன்றுகூட இருந்ததில்லை என்பதால் அக்கேள்வி எங்களைப் போன்றவர்களுக்கு நேரடியானது. ஆயினும் நகர மன்றத்துக்குத் திட்ட அனுமதி வழங்கும் அதிகாரம் கிடையாது. கருத்துச் சொல்லலாம், பூங்காவைப் பராமரிக்கலாம், அதற்கென்று கவுன்சில் வரியோடு தனியே ஒரு தொகையும் தண்டலாம். பரோ இழந்த அதிகாரத்தை அது மீட்டுத் தராது.

வோக்கிங்கின் கடன் இந்த இணைப்பால் ஒழிந்துபோவதுமில்லை. கில்ட்ஃபோர்டு, வேவர்லி, ரன்னிமீட் மக்களையும் உள்ளடக்கிய மேற்கு சர்ரேயின் தோளுக்கு அது மாறுகிறது. அரசு 50 கோடி பவுண்டை அடைத்துத் தருவதாக உறுதி சொல்லியிருக்கிறது. மொத்தத்தில் அது நான்கில் ஒரு பங்கு. அதைவிடவும் நான் அஞ்சுவது சமூகப் பராமரிப்பின் செலவை. அது சட்டக் கடமை, ஆண்டுதோறும் ஏறுவது. பூங்கா, நீச்சல் குளம், நாடக அரங்கு ஆகியவற்றுக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை. இதுவரை அவை பரோவின் தனிக் கணக்கில் இருந்ததால் தப்பின. இனி எல்லாம் ஒரே கணக்கில் வரும். 2023 ஏப்ரலில் இதேபோல் ஒன்றான சாமர்செட் கவுண்டி, அதே ஆண்டு நவம்பரில் நிதி அவசரநிலையை அறிவிக்க நேர்ந்ததை மறந்துவிட வேண்டாம்.

நெய்தல்:

சாமர்செட்டை நெருக்கிய பராமரிப்புச் செலவு இணைப்பால் பிறந்ததல்ல, பழைய கவுண்டியின் மேல் ஏற்கெனவே இருந்த சுமை. அதைச் சுமக்கும் பொறுப்பை மாவட்ட எல்லைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டு நீச்சல் குளத்தைக் காப்பாற்றுவது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. குளத்தில் நீந்துபவரும் வீட்டிலே பராமரிப்பாளரை எதிர்பார்த்துக் கிடப்பவரும் ஒரே தெருவினர்தாம். ஆனால் வோக்கிங்கின் கடன் பற்றி மருதன் சொல்வது சரி. எஞ்சிய கடனை யார், எத்தனை ஆண்டுகளில், எந்த வரியிலிருந்து அடைப்பது என்பதை 2027 ஏப்ரலுக்கு முன்பே எழுத்தில் தரும்படி நாம் இருவரும் சேர்ந்தே நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கலாம்.

மருதன்:

அந்தக் கடிதத்தில் நானும் கையொப்பமிடுகிறேன். உள்ளூர்த் திட்ட அனுமதிகளை அந்தந்த ஊர் உறுப்பினர்கள் அடங்கிய பகுதிக் குழுக்களே முடிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கையையும் அதில் சேர்க்க ஒப்புக்கொள்வீர்களா?