பாடம் எடுத்தாயிற்று, பிறரோடு வேலை செய்ய மட்டும் வரவில்லை. என்ன செய்யலாம்?

வகுப்பறைவாசி:
சர்வதேச வணிகம் படிக்கும் முதுநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கலாசார வேறுபாடுகளை ஆராய்ந்த ஹாஃப்ஸ்டீட், ஹால் எல்லாம் நடத்தியாயிற்று, தேர்விலும் நன்றாக எழுதுகிறார்கள். ஆனால் போன வாரம் வேறு நாட்டு மாணவர்களோடு ஜூமில் ஒரு குழு வேலை. எதிர்ப்பக்கத்தில் ஒரு பெண் கேள்வியைக் கேட்டுவிட்டு ஐந்தாறு விநாடி பேசாமல் இருந்தார். அதற்குள் எங்கள் பையன் "அப்போ சரிதானே" என்று முடித்து அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டான். அவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை என்பது இரண்டு நாள் கழித்து மெயிலில்தான் தெரிந்தது! கலாசார நுண்ணறிவு என்கிறார்களே, வேறு கலாசாரத்தவரோடு சரியாகப் பழகி வேலை செய்யும் திறன், அதை வகுப்பில் வளர்க்க முடியுமா, வெளிநாட்டுக்கு அனுப்பினால்தான் வருமா?

பழைய பயிற்சியாளர்:
ஹாஃப்ஸ்டீட் நாடுகளின் கலாசாரத்துக்குப் போட்ட கணக்கு 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து வந்தது. நாட்டுச் சராசரியைச் சொல்லும், எதிரே இருக்கிற ஆளைச் சொல்லாது. எர்லி, சூன் ஆங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் கலாசார நுண்ணறிவு பற்றிப் புத்தகம் போட்டார்கள். அப்புறம் வந்த 20 கேள்வி அளவுகோலில் நான்கு பகுதிகள்: அறிவு, ஆர்வம், நடத்தை, தன் நினைப்பைத் தானே கவனிப்பது. உங்கள் பையனிடம் முதலாவது இருக்கிறது, நாலாவதுதான் இல்லை.

அதற்கு 'பார்ங்கா' விளையாட வையுங்கள், பயிற்சி விளையாட்டுகள் வடிவமைக்கும் நம்ம சிவசைலம் தியாகராஜன் உருவாக்கிய சீட்டு விளையாட்டு. ஒவ்வொரு மேசைக்கும் விதி கொஞ்சம் வேறு, ஆனால் அது யாருக்கும் தெரியாது. படித்ததும் விதித்தாளைப் பிடுங்கிக்கொண்டு, பேசக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும். ஜெயித்தவர் அடுத்த மேசைக்குப் போய், இது என் சீட்டு என்று கை நீட்டும்போது இன்னொருத்தர் அதை இழுப்பார், பாருங்கள், அந்த முகத்தை! பாதிப் பேர் "இவன் ஏமாற்றுகிறான்" என்றுதான் நினைப்பார்கள், விதியே வேறாக இருக்கலாம் என்று தோன்றாது. விளையாட்டு அரை மணி நேரம் என்றால் அதற்குப் பிறகான பேச்சுக்கு ஒரு மணி நேரம் வையுங்கள்.

கணக்குக்காரி:
விளையாட்டு நல்லதுதான், ஆனால் அடுத்த திங்கட்கிழமை மறந்துவிடும். இன்னொன்று, அந்த 20 கேள்விக்கும் மாணவரே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். தெரியாதவருக்குத் தனக்குத் தெரியாது என்பதே தெரியாது, அதனால் படிப்பு தொடங்கும்போது 6 போட்டவர் முடிவில் 5 போட்டால் அவர் தேறியிருக்கிறார் என்றுகூட அர்த்தமாகலாம். வெளிநாடு போனாலே வந்துவிடும் என்பதையும் நான் நம்பமாட்டேன். ஆறு மாதம் சொந்த ஊர்க்காரர்களோடு மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன், போகும்போது இருந்த முன்முடிவு இன்னும் கெட்டியாகியிருந்தது.

நான் செய்தது ஒரு நோட்டு. குழுச் சந்திப்பு முடிந்ததும் நாலே வரி: என்ன நடந்தது, நான் என்ன நினைத்தேன், வேறு என்ன காரணம் இருக்கலாம், யாரிடம் கேட்டுச் சரிபார்த்தேன். கடைசி வரியைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள்.

வகுப்பறைவாசி:
நோட்டு பிடித்திருக்கிறது. மதிப்பெண் கொடுத்தால் கதை கட்டுவார்களே?

கணக்குக்காரி:
கட்டுவார்கள். அதனால் முதல் மூன்று வரிக்கு மதிப்பெண்ணே கிடையாது. எதிர்க்குழு ஆளிடம் கேட்ட கேள்வியும் அவர் பதிலும் அப்படியே ஒட்டியிருந்தால் மட்டும் கொடுங்கள். உங்கள் பையன் அந்தப் பெண்ணிடம் "அன்றைக்கு யோசித்தீர்களே, என்ன யோசித்தீர்கள்?" என்று இப்போதுகூட ஒரு மெயில் போடலாம்.